ஸ்டெயின் போடாத ஸ்லைடில் மலேரியா: எல்இடி வைத்துப் பல அலைநீளத்தில் படம் எடுப்பது எப்படி

மைக்ராஸ்கோப் சர்வீஸ் என் தொழில். பூஞ்சை பிடித்த லென்ஸ், தானாக இறங்கிப்போகிற ஸ்டேஜ், எரிந்துபோன பல்பு என்று சென்னையில் லேப் லேபாக ஏறி இறங்குகிறவன். சில வருஷமாகப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வேறு மாதிரி அழைப்பு வருகிறது. "சார், மல்டிஸ்பெக்ட்ரல் இமேஜிங்ல மலேரியா கண்டுபிடிக்கிற ப்ராஜெக்ட். ஆல்காரிதம் ரெடி, படம்தான் சரியா வரல." படம் வராமல் ஆல்காரிதம் எதை வைத்து ரெடியானது என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

போய்ப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் வெளிச்சத்தில்தான் இருக்கும். அதனால் இங்கே வெளிச்சத்துக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன், மென்பொருளுக்குக் கொஞ்சம்தான். இன்னொன்று: இது படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான அமைப்பு. காய்ச்சலோடு வருகிறவருக்கு ஜீம்சா ஸ்டெயின் (ஒட்டுண்ணிக்கு நிறமேற்றிக் காட்டும் சாயம்) போட்ட ஸ்லைடும் ஆர்டிடி கிட்டும் (உடனடி ரத்தப் பரிசோதனை) மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும், உங்கள் லேப்டாப் சொல்லக்கூடாது.

எதைத் தேடுகிறோம்

ஸ்டெயின் இல்லாமல் மலேரியாவைப் பார்ப்பது புது யோசனை இல்லை. 1880 நவம்பரில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் ராணுவ மருத்துவமனையில் லாவெரான் பார்த்ததே ஸ்டெயின் போடாத ரத்தத்தைத்தான். ஒட்டுண்ணியை அவருக்குக் காட்டிக்கொடுத்தவை கறுப்புத் துகள்கள். ஜீம்சா ஸ்டெயின் வந்தது அதற்கு இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது? ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றதில் மிஞ்சுகிற ஹீம் அதற்கே விஷம், அதனால் அதைப் படிகமாகக் கட்டி ஓரமாக ஒதுக்கிவிடுகிறது. அதுதான் ஹீமோசோயின். ஆக, ஒட்டுண்ணி இருக்கிற செல்லில் ஹீமோகுளோபின் குறையும். ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது விலகியிருக்கும். வயதான ஒட்டுண்ணியாக இருந்தால் ஹீமோசோயின் சேர்ந்திருக்கும். ஒளி சிதறுவதும் கூடும்.

இவற்றைப் பிரித்துக் காட்டத்தான் பல அலைநீளம். ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் பக்கம் ஒளியை அள்ளி விழுங்கும். ஒரு சிவப்பணு இரண்டு மைக்ரான் தடிமன்தான், இருந்தாலும் அந்த அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளிகூட அதைத் தாண்டாது. 405ல் சுமார் பாதி தாண்டும். 540, 577 இரண்டிலும் சின்ன மேடுகள் உண்டு, 540ல் தொண்ணூறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஒளி வெளியே வந்துவிடும். 660க்குப் போனால் ஹீமோகுளோபினுக்கு அந்த ஒளி கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை, ஆனால் ஹீமோசோயின் 650, 660 பக்கம் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். 850ல் இரண்டுமே பெரிதாக உறிஞ்சாது. அங்கே தெரிகிற இருட்டெல்லாம் சிதறல், ஒளிவிலகல், தூசி.

எல்இடியை வைத்து இதைச் செய்து காட்டியதில் ஐவரி கோஸ்டின் யாமுசுக்ரோவில் ஜெரமி ஸுவேயுவின் குழுவும், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மிக்கேல் பிரைடகோர்ட், சுனே ஸ்வான்பெரி குழுவும் முக்கியமானவை. லுண்டில் செய்த மைக்ராஸ்கோப்பை 2011ல் விவரித்தார்கள். புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை 13 அலைநீளத்தில், ஊடுருவும் ஒளி, பிரதிபலிக்கும் ஒளி, சிதறும் ஒளி என்று மூன்று விதமாகவும் படம் எடுத்தது அது. 2013ல் இரு தரப்பும் சேர்ந்து ஸ்டெயின் போடாத ஸ்மியரில் (ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்த ரத்தம்) நல்ல செல்லையும் தொற்றிய செல்லையும் அதில் பிரித்துக் காட்டினார்கள்.

நீங்கள் 13ல் ஆரம்பிக்க வேண்டாம். 405, 470, 525, 590, 660, 850 என்று ஆறு போதும், அதுவும் ஊடுருவும் ஒளியில் மட்டும். புற ஊதாவில் வருகிற 375ஐ விட்டுவிடுங்கள்: சாதாரணக் கல்லூரி மைக்ராஸ்கோப்பின் கண்டென்சரும் (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிப்பது) ஆப்ஜெக்டிவும் (ஸ்லைடுக்கு மேலே இருக்கும் லென்ஸ்) அதில் பாதியைத் தின்றுவிடும், மிச்சத்தில் ஃபோகஸும் கிடைக்காது. 625ஐ ஏன் சேர்க்கவில்லை என்பதை ஸ்லைடு பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

வெளிச்சம்

எல்இடி வாங்க ரிச்சி தெரு போதும். ஆனால் "யுவி எல்இடி" என்று கேட்டால் 395லிருந்து 405 வரை எது வேண்டுமானாலும் கைக்கு வரும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார் கடைக்காரர். டார்ச் லைட்டுக்கு ஒன்றுதான். நமக்கு அப்படியில்லை, ஹீமோகுளோபினின் உறிஞ்சல் அந்த இடத்தில் செங்குத்தாக ஏறுகிறது, பத்து நானோமீட்டர் தள்ளினால் எண்கள் மாறிவிடும். சரிபார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். இயற்பியல் லேபில் கிரேட்டிங் பரிசோதனைக்கு ஸ்பெக்ட்ரோமீட்டரும் பாதரச விளக்கும் கட்டாயம் இருக்கும். பாதரசத்தின் ஊதாக் கோடு 404.7, நீலக்கோடு 435.8, பச்சை 546.1 நானோமீட்டர். அந்தக் கோடுகளை வைத்து அளவுகோல் போட்டுக்கொண்டு உங்கள் எல்இடியின் உச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஆய்வேட்டில் "405" என்று எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

எல்இடிகளை மாறா மின்னோட்டம் தரும் டிரைவரில் ஓட்டுங்கள். ரெசிஸ்டர் மட்டும் போட்டு ஐந்து வோல்ட்டில் எரியவிட்டால் சூடேற ஏற வெளிச்சம் இறங்கும், நிறமும் கொஞ்சம் நகரும். எதை எப்போது எரிய வைப்பது என்பதை ஆர்டுயினோ என்கிற சின்னக் கன்ட்ரோலர் போர்டும் ஆறு மாஸ்ஃபெட்டும் (மின்சார ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) பார்த்துக்கொள்ளும். அப்புறம், 405ஐயும் 850ஐயும் எரியவிட்டு ஐபீஸில் கண்ணை வைக்காதீர்கள். 850 கண்ணுக்குத் தெரியவே தெரியாது, எரிகிறதா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். கேமராவில் மட்டும் பாருங்கள்.

அடுத்தது எல்லோரும் சறுக்குகிற இடம். ஆறு எல்இடியையும் ஒரு போர்டில் பக்கத்துப் பக்கத்தில் சால்டர் செய்து கண்டென்சருக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் வேறு கோணத்திலிருந்து செல்லின் மேல் விழுகிறது. சாய்ந்து விழும் ஒளியில் செல்லின் ஒரு பக்கம் இருட்டாகவும் மறுபக்கம் பளிச்சென்றும் தெரியும். இரண்டு படத்தை வகுத்தால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பிறை முளைக்கும். மாணவர் அதைக் காட்டி "சார், கேமீட்டோசைட்!" என்பார். ஒட்டுண்ணியின் பிறை வடிவப் பருவம் ஒன்றின் பெயர் அது.

இதற்கு இரண்டு வழி. எல்இடிகளை ஒரு சக்கரத்தில் பொருத்தி, எரிய வேண்டியதை ஒவ்வொரு முறையும் நடு அச்சுக்குக் கொண்டுவரலாம். அல்லது எல்லாவற்றையும் ஓர் அக்ரிலிக் கம்பியின் ஒரு முனையில் ஒட்டி, மறுமுனையைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அதன் மேல் ஓபல் கண்ணாடித் துண்டை வைக்கலாம். ஒளி கம்பிக்குள் பல முறை மோதிக் கலந்து வெளியே வரும். வெளிச்சம் நிறையக் குறையும், அதை எக்ஸ்போஷரில் சமாளிக்கலாம். நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன், அசையும் பாகம் இல்லாத எதுவும் பழுதாக நாளாகும்.

கலந்ததா என்று எப்படித் தெரியும்? 525ஐ மட்டும் மங்கலாக எரியவிடுங்கள். ஸ்லைடை ஃபோகஸ் செய்துவிட்டு ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். அடியில் ஒரு வட்டம் தெரியும். அது முழுக்கச் சீராக, மையத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நிலாத் துண்டு மாதிரி இருந்தால் இன்னும் கலக்கவில்லை. 470, 590, 660 எல்இடிகளையும் இதேபோல் மங்கவைத்துப் பாருங்கள். 405க்கும் 850க்கும் லென்ஸ் மாட்டிய கேமராவை அந்தக் குழாயின் வாயில் வைத்துப் பார்க்கலாம். கண்டென்சர் ஐரிஸை முக்கால் பங்காவது திறந்து வையுங்கள். மூடினால் கான்ட்ராஸ்ட் அழகாகக் கூடும், ஆனால் அது செல்லின் விளிம்பில் ஒளி வளைவதால் வருகிற கான்ட்ராஸ்ட், உறிஞ்சலால் வருவதல்ல.

கேமரா

கறுப்பு வெள்ளை கேமராவாக இருக்க வேண்டும், அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாததாக. 3.45 மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரை 40எக்ஸ் ஆப்ஜெக்டிவுக்கு நேர் பின்னால் வைத்தால் ஒரு பிக்சல் 0.086 மைக்ரான், ஒரு சிவப்பணு குறுக்கே தொண்ணூறு பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், தாராளம். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின், காமா எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 12 பிட், டிஃப் கோப்பு. ஜேபெக் வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்போஷரை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனியாக வையுங்கள்: செல் இல்லாத வெற்றிடம் உச்ச அளவில் முக்கால் பங்கு வர வேண்டும். பத்தாயிரம் எலக்ட்ரான் கொள்ளும் பிக்சலில் ஒரே ஒரு படம் எடுத்தால் நூற்றில் ஒரு பங்கு இரைச்சல் ஒளியின் இயல்பாலேயே வரும். 525ல் ஒரு செல் மொத்தமே ஏழெட்டு சதவீதம்தான் உறிஞ்சுகிறது; அதற்குள் ஒரு சதவீத இரைச்சலை விடக்கூடாது. பத்து படம் எடுத்துச் சராசரி போட்டால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகும்.

ஸ்லைடு

மலேரியா ஒட்டுண்ணியில் வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்று வகைகள் உண்டு. சென்னையில் மலேரியா என்றால் பெரும்பாலும் வைவாக்ஸ்தான், மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொசு பரப்புவது. இப்போது நோயே வெகுவாகக் குறைந்துவிட்டதால் பாசிட்டிவ் ஸ்லைடு கிடைப்பதுதான் கஷ்டம், நல்ல கஷ்டம்தான். இந்த முறைக்கு வைவாக்ஸ் தோதானது. அதில் இளம் வளையப் பருவத்திலிருந்து பல துண்டாகப் பிரியும் ஸைசான்ட் வரை எல்லாப் பருவமும் விரல்நுனி ரத்தத்திலேயே சுற்றும், ஹீமோசோயினும் தெரியும். ஃபால்சிபாரத்தில் வளர்ந்த பருவங்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டுவிடும். விரலில் குத்தினால் வருவது இளம் வளையங்களும் கேமீட்டோசைட்டும்தான். இளம் வளையத்தில் நிறமி அநேகமாக இருக்காது. 660ஐ மட்டும் நம்பினால் உயிருக்கு அதிக ஆபத்தான வகையைத்தான் தவறவிடுவீர்கள்.

ஸ்லைடு எப்படிக் கிடைத்தாலும் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி முதலில். பெயர், வார்டு எண் எதுவும் ஸ்லைடில் இருக்கக்கூடாது. ஃபிக்ஸ் செய்யாத (மெத்தனாலில் முக்கி ஸ்லைடில் நிலைநிறுத்தாத) ரத்தம் என்பதால் கையுறை கட்டாயம்.

இப்போது 625க்கு வருகிறேன். ஸ்மியர் காய்ந்து கிடக்கக் கிடக்க அதிலுள்ள ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறும். அதற்கு 630 பக்கம் சொந்தமாக ஓர் உறிஞ்சல் மேடு உண்டு, அதன் பெரிய உச்சமும் 415லிருந்து 405க்கு நகர்ந்துவிடும். இன்று எடுத்த மலேரியா ஸ்லைடையும் அலமாரியில் ஆறு மாதம் கிடந்த நார்மல் ஸ்லைடையும் ஒப்பிட்டால் கணினி அட்டகாசமாகப் பிரித்துவிடும். அது பிரிப்பது பழசையும் புதுசையும். தொண்ணூற்றொன்பது சதவீதத் துல்லியம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இரு தரப்பு ஸ்லைடுகளின் வயதைத்தான். மெத்தனால் ஃபிக்ஸிங்கும் அப்படியே: செய்தால் எல்லா ஸ்லைடுக்கும் செய்யுங்கள், இல்லையென்றால் எதற்கும் வேண்டாம். செய்யாமல் எடுப்பதே நல்லது. 625ஐ விட்டுவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்துவிடாது, கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆப்ஜெக்டிவின் உடம்பில் 160/0.17 என்று எழுதியிருக்கும். 0.17 என்பது ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். ரத்த ஸ்மியருக்கு யாரும் கவர் ஸ்லிப் போடுவதில்லை, அதனால் 40எக்ஸ் ஆப்ஜெக்டிவில் படம் லேசாகப் பனி மூடியதுபோல் இருக்கும். காய்ந்த ஸ்மியரின் மேல் ஒரு கவர் ஸ்லிப்பை அப்படியே வையுங்கள். பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம், இடையில் காற்று இருந்தாலும் பரவாயில்லை. பிறகு எடுத்துவிட்டு ஸ்டெயின் போடலாம். ஸ்லைடின் மூலையில் வைர முனைப் பென்சிலால் ஒரு கூட்டல் குறி கீறி, ஒவ்வோர் இடத்துக்கும் ஸ்டேஜ் வெர்னியர் அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதே செல்லுக்கு வர வேண்டியிருக்கும்.

படம் எடுப்பது, கணக்கிடுவது

சாதாரண அக்ரோமேட் ஆப்ஜெக்டிவ் சிவப்பையும் நீலத்தையும்தான் ஓரிடத்தில் சேர்க்கும். 405ம் 850ம் தள்ளித்தான் ஃபோகஸ் ஆகும். 525ல் ஃபோகஸ் செய்து, ஃபைன் ஃபோகஸ் குமிழில் மற்ற ஐந்துக்கும் எத்தனை கோடு நகர்த்த வேண்டும் என்று ஒரு முறை குறித்துக்கொண்டால் அதே ஆப்ஜெக்டிவுக்கு எப்போதும் அதுதான். குமிழை எப்போதும் ஒரே திசையில் திருப்பி நிறுத்துங்கள், பழைய கியரில் தளர்ச்சி இருக்கும்.

ஒவ்வோர் அலைநீளத்திலும் மூன்று படம் வேண்டும்: செல்கள் உள்ள இடம், செல் இல்லாத வெற்றிடம், எல்இடி அணைத்த இருட்டு. இருட்டை மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிட்டு, செல் படத்தை வெற்றிடப் படத்தால் வகுத்தால் ஊடுருவிய பங்கு கிடைக்கும். அதன் லாகரிதத்தைக் குறி மாற்றினால் உறிஞ்சல். வெற்றிடத்தில் எல்லா அலைநீளத்திலும் ஊடுருவிய பங்கு 1 வர வேண்டும், 0.97, 1.04 என்று அலைந்தால் மேலே போகாதீர்கள், வெளிச்சத்துக்குத் திரும்புங்கள்.

அப்புறம் ஆறு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். நகர்த்தினால் மட்டும் போதாது, அலைநீளத்துக்கு ஏற்ப உருப்பெருக்கமும் துளி மாறும். ஃபிஜி மென்பொருளில் இதற்கான வசதி உண்டு. இதோடு ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு) 0.65 உள்ள ஆப்ஜெக்டிவில் 405ன் பிரிதிறன் சுமார் 0.31 மைக்ரான், 660ல் 0.51. கூர்மையான படத்தை மங்கலான படத்தால் வகுத்தால் செல்லின் விளிம்பெல்லாம் போலியாக ஒளிரும். ஆகவே நீலப் படத்தைச் சிவப்பின் அளவுக்கு மங்கலாக்கிவிட்டு வகுங்கள். 850 இன்னும் மங்கல், அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

எதை எதனால் வகுப்பது? 405ன் உறிஞ்சலை 525ன் உறிஞ்சலால். ஹீமோகுளோபின் மட்டும் இருக்கிற செல்லில் தடிமன் எப்படி மாறினாலும் இந்த விகிதம் மாறாது. நிறமி சேர்ந்தால் மாறும். 660ன் உறிஞ்சல் தனிப் படம். 405ன் உறிஞ்சலும் தனிப் படம், செல்லின் எல்லையை வெட்டி எடுக்க அதுதான் நல்லது.

ஒரு செல்லை ஆறிலும் பார்ப்போம். வைவாக்ஸ் தொற்றிய, பாதி வளர்ந்த ட்ரோஃபோசாயிட் (வளையத்துக்கு அடுத்து வளரும் பருவம்) உள்ள செல். பக்கத்துச் செல்களைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கும். 405ல் பக்கத்துச் செல்கள் இருண்ட தட்டுகளாக இருக்க, இது வெளிறித் தெரியும். நடுவிலிருந்து விலகி, ஒழுங்கற்ற ஓரத்தோடு ஒரு வெளிச்சத் திட்டு. ஒட்டுண்ணியின் உடம்பு அது, அங்கே ஹீமோகுளோபின் இல்லை. 470ல் எல்லாமே மங்கும். 525லும் 590லும் திட்டு இன்னும் தெரியும், ஆனால் அதற்குள் ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளிகள் தலைகாட்டும். 660ல் பக்கத்துச் செல்கள் கிட்டத்தட்ட மறைந்து, விளிம்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கும். 850ல் புள்ளிகள் நன்றாக வெளுக்கும். 660ல் இருந்த அதே கறுப்போடு 850லும் ஒரு புள்ளி நின்றால் அது தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள்

சிவப்பணுவின் நடுவே இயல்பாக உள்ள வெளிறல் 405ல் திட்டு மாதிரியே தெரியும். ஆனால் அது மையத்தில், படிப்படியாக மங்கும். ஸ்மியர் மெதுவாகக் காய்ந்தால் வருகிற துளைகள் கூர்மையான விளிம்போடு எல்லா அலைநீளத்திலும் பளபளக்கும், 850லும்கூட. செல்லின் மேல் ஏறி உட்கார்ந்த பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் சின்னத் தட்டணு) தான் அனுபவசாலியையே ஏமாற்றுவது, ஸ்டெயினிலும் அப்படித்தான். இங்கே ஒரு வசதி உண்டு. பிளேட்லெட் மேலே உட்கார்ந்திருக்கிறது, கீழே ஹீமோகுளோபின் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதனால் 405ல் உறிஞ்சல் அதிகம் குறையாது. ஒட்டுண்ணி உள்ளே இருந்து ஹீமோகுளோபினை விலக்கியிருப்பதால் குறையும். இந்த ஒரு காரணத்துக்காகவே 405க்குச் செய்கிற செலவு தகும்.

சரிபார்ப்பது

எல்லா இடமும் எடுத்து முடித்ததும் அதே ஸ்லைடை மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்து, 7.2 பிஹெச் உள்ள பஃபரில் கரைத்த ஜீம்சாவில் ஸ்டெயின் போடுங்கள். வெர்னியர் அளவை வைத்து அதே இடத்துக்குத் திரும்பி, எண்ணெய் போட்டு 100எக்ஸில் பாருங்கள். எந்தச் செல் பாசிட்டிவ் என்பதை மலேரியா ஸ்லைடு பார்த்துப் பழகிய டெக்னீஷியன் சொல்ல வேண்டும். உங்கள் விகிதப் படத்தை அவருக்கு முன்கூட்டியே காட்டாதீர்கள்.

மென்பொருளைப் பற்றி ஒன்றே ஒன்று. ரேண்டம் ஃபாரஸ்டோ நியூரல் நெட்வொர்க்கோ, எதுவானாலும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரிக்கும்போது நோயாளி வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஸ்லைடின் செல்களை இரண்டு பக்கமும் போட்டால் கணினி அந்த ஸ்லைடை மனப்பாடம் செய்து தேர்வெழுதும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் ஐம்பது லட்சம் சிவப்பணு. அதில் 200 ஒட்டுண்ணி இருக்கிற நோயாளி என்றால் இருபத்தைந்தாயிரம் செல்லுக்கு ஒன்று. ஒரு படத்தில் 250 செல் என்றால் ஒரே ஒரு ஒட்டுண்ணியைப் பார்க்க நூறு இடம் எடுக்க வேண்டும், ஆறு அலைநீளத்தில் அறுநூறு படம், சராசரிக்கு முன் ஆறாயிரம். உங்கள் முறை ஆயிரம் நல்ல செல்லில் ஒன்றைத்தான் தவறாகப் பிடிக்கிறது, அதாவது 99.9 சதவீதம் சரி என்றாலும், ஓர் உண்மையான ஒட்டுண்ணிக்கு இருபத்தைந்து போலிகள் கூடவே வரும்.

அதனால் இயந்திரத்தை ஆம், இல்லை சொல்ல விடாதீர்கள். எல்லாச் செல்லையும் மதிப்பெண் வரிசையில் அடுக்கச் சொல்லி, மேலே வருகிற ஐம்பதை மட்டும் 405, 660, 850 படங்களோடு ஒரே திரையில் போட்டு டெக்னீஷியனிடம் காட்டுங்கள். ஐம்பது செல்லைப் பார்க்க அவருக்கு இரண்டு நிமிஷம் போதும்.